மூலகத்தின் பெயரும் ஊரும்

— பழைய மாணவர் ஒருவர் —

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களையும், விளையாட்டுத் திடலிற் பெற்ற வெற்றிகளையும், விடுதி வாழ்வின் இனிமைகளையும் எடுத்துரைப்பது மரபு. அவையாவும் உரைக்கத் தக்கனவே. ஆயினும், ஒரு கல்விக்கழகம் தன் வயதைக் கணக்கிட்டு மகிழும் வேளை, தான் ஊட்டும் கல்வி எத்தன்மைத்து என்பதனையும் எண்ணிப் பார்க்கும் வேளையாதல் வேண்டும். ஆதலின், ஆய்வுகூடச் சுவரிலே தொங்கும் ஆவர்த்தன அட்டவணையைப் பற்றியும், இன்று இளைஞர் முதியோர் யாவர் கையிலும் இருக்கும் கைத்தொலைபேசியைப் பற்றியும், இவ்விரண்டையும் பிணைக்கும் கடமை ஒன்றைப் பற்றியும் சில கூற விழைகின்றேன்.

இரசாயனவியல் கற்கும் மாணவன் ஒருவனை அழைத்துக் கோபாற்று என்பது யாது எனக் கேட்பின், அவன் அதன் குறியீட்டைக் கூறுவான். அணுவெண் 27 என்பான். அதன் உப்புக்கள் சில நீலமாகவும் சில இளஞ்சிவப்பாகவும் இருக்கும் என்பான். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அக்கோபாற்று எந்நாட்டு மண்ணிலிருந்து வருகின்றது, அதனை அகழ்பவர் யாவர், அகழ்ந்த நிலம் பின்னர் என்னாயிற்று, பயன்பட்டு முடிந்தபின் அவ்வுலோகம் எங்கே போய்ச் சேருகின்றது என்று கேட்பின், அவனிடம் விடையிராது. அது அவன் குற்றமன்று. மூலகங்களின் பெயரை நம் கல்வி கற்பிக்கின்றது, ஊரைக் கற்பிப்பதில்லை. ஊரறியாத பெயரறிவு அரையறிவே என்பதும், அவ்வரையறிவினால் விளையும் தீங்குகளுள் ஒன்றை நாம் நாடோறும் கையிலே ஏந்தித் திரிகின்றோம் என்பதும் என் துணிபு.

நம் முன்னோர் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்னும் ஐந்தனையும் ஐம்பொன் என வகுத்தனர். ஒரு வீட்டின் உலோகச் செல்வம் முழுவதும் அக்காலத்தில் இவ்வைந்தினுள்ளும், பித்தளை, வெண்கலம் முதலிய கலப்புக்களுள்ளும் அடங்கிற்று. கைத்தொலைபேசி ஒன்றினுள்ளே அவ்வைந்தில் நான்கு இன்றும் உள. ஐந்தாவதாகிய ஈயம் மின்சுற்றின் முனைகளை இணைக்கும் பற்றாசில் முன்னர் இருந்தது. நஞ்சாகும் தன்மை நோக்கி, ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிகளால் அதனை அவ்விடத்தினின்று விலக்கிற்று. வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலப்பு அதன் இடத்தைப் பெற்றது. இவற்றோடு ஏனையவற்றையும் எண்ணினால், ஒரு தொலைபேசியில் முப்பதுக்கு மேற்பட்ட மூலகங்கள் இருக்கக் காணலாம். இயற்கையிற் கிடைக்கும் மூலகங்கள் தொண்ணூற்றளவினவே. அவற்றுள் மூன்றிலொரு பங்கு ஒருவர் உள்ளங்கையில் அடங்கிவிட்டது என்றால், ஐம்பொன் கண்ட நம் முன்னோர் வியந்திருப்பர்.

இது வெறுங் கணிப்பன்று. இங்கிலாந்திலுள்ள பிளிமத் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியல் அறிஞர் இருவர், 2019 ஆம் ஆண்டில், கைத்தொலைபேசி ஒன்றைச் சமையலறையிற் பயன்படும் அரைக்கும் பொறியிலிட்டுத் தூளாக்கினர். அத்தூளைச் சோடியம் பரவொட்சைட்டுடன் கலந்து 500 பாகையை அணுகும் வெப்பத்திற் சூடாக்கி, அமிலத்திற் கரைத்து, உள்ளவற்றை அளந்தனர். இரும்பு 33 கிராம், சிலிக்கன் 13 கிராம், குரோமியம் 7 கிராம் இருந்தன. தங்குதன் 900 மில்லிகிராமும், நியோடிமியம் 160 மில்லிகிராமும், வெள்ளி 90 மில்லிகிராமும், பொன் 36 மில்லிகிராமும் இருந்தன. இவ்வாறான தொலைபேசி ஒன்றை ஆக்குதற்கு 10 முதல் 15 கிலோகிராம் வரை தாது அகழப்படவேண்டும் என அவர்கள் கணித்தனர். அதில் 7 கிலோகிராம் பொன்தாது. ஒரு கிலோகிராம் செப்புத்தாது. சட்டைப்பையில் வைத்தாற் பாரமே தோன்றாத இப்பொருளின் பின்னே, ஒரு சிறுவன் தூக்க மாட்டாத மண்சுமை உண்டு என்பதனை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இம்மூலகங்களுள் ஒன்றேனும் அங்கே வீணாக இருப்பதன்று. முகப்புக் கண்ணாடியை முதலில் நோக்குவோம். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் என்பன சேர்ந்த அக்கண்ணாடியை ஏறத்தாழ 400 பாகை வெப்பமுள்ள பொற்றாசிய உப்புக் குழம்பில் அமிழ்த்துவர். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயன்கள் வெளியேற, அவற்றினும் பெரிய பொற்றாசியம் அயன்கள் அவ்விடங்களிற் புகுந்து அமரும். இருவர் இருக்கையில் மூவர் அமர்ந்தாற்போல அங்கே உண்டாகும் நெருக்கமே கண்ணாடியை எளிதில் உடையாது காக்கின்றது. அக்கண்ணாடியின் கீழே, ஒளியைத் தடுக்காமலும் மின்னைக் கடத்தியும் விரலின் தொடுகையை உணரும் மென்படலம் ஒன்று உண்டு. இந்தியமும் வெள்ளீயமும் ஒட்சிசனும் சேர்ந்தது அது. இந்தியம் 1863 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலுள்ள பிரைபேர்க்கு நகரிற் கண்டறியப்பட்டது. நிறமாலையில் அது காட்டிய அவுரிநீலக் கோட்டினாலேயே அப்பெயர் பெற்றது. அவுரிநீலத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரோ, அச்சாயம் இந்தியாவிலிருந்து சென்றமையால் வந்தது. ஒரு பெயரைச் சிறிது துருவினால் ஓர் ஊர் வெளிப்படும் என்பதற்கு ஈது ஒரு சான்று.

வானொலி அலைகளைப் பெருக்கி அனுப்பும் உறுப்பிலே கல்லியம் உண்டு. மென்டலீவ் 1869 ஆம் ஆண்டில் ஆவர்த்தன அட்டவணையை வகுத்தபோது, அலுமினியத்தின் கீழே ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே வரவேண்டிய மூலகத்துக்கு வடமொழியிலுள்ள ஏகம் என்னும் எண்ணைக் கொண்டு ஏக அலுமினியம் எனப் பெயருமிட்டார். ஆறாண்டுகள் கழித்து, 1875 இல், பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அதனைக் கண்டெடுத்துக் கல்லியம் என்றார். அறிஞர் ஒருவர் தாளிலே கண்ட மூலகம் இன்று நம் குரலைக் காற்றிலே ஏற்றுகின்றது.

தொலைபேசியின் ஒலிபெருக்கியிலும் அதிரும் உறுப்பிலும் உள்ள சிறு காந்தங்கள் நியோடிமியம், இரும்பு, போரன் என்னும் மூன்றினாலாயவை. நியோடிமியத்தை 1885 ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தவர் ஒஸ்திரிய நாட்டவரான அவர் வொன் வெல்ஸ்பாக் என்பவர். மூத்த பழைய மாணவர்கள் அவரை வேறொரு வழியால் அறிவர். திருவிழாவிலும் திருமணத்திலும் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் வெண்ணிற வலைத்திரி அவர் கண்டுபிடிப்பே. அவ்வலைத்திரி பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டும், நூற்றுக்கு ஒரு பங்களவு சீரியம் ஒட்சைட்டும் ஆகும். அத்தோரியத்தின் பொருட்டு ஐரோப்பியர் மொனசைற்று மணலை நாடினர். ஷொம்பேர்க் என்னும் ஜேர்மானியர் 1909 ஆம் ஆண்டில் அம்மணலை அக்காலத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்திலுள்ளதுமாகிய மணவாளக்குறிச்சிக் கரையிற் கண்டார். நம் நாட்டிலும் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரை மணலில், இல்மனைற்று முதலியவற்றோடு மொனசைற்றும் சிறிதளவு உண்டு. அன்று அம்மணலில் வேண்டப்பட்டது தோரியம். உடனுறைந்த நியோடிமியத்தை நாடுவார் அரியர். இன்று நியோடிமியம் வேண்டப்படுகின்றது; கதிர்த்தொழிற்பாடுடைய தோரியம் வேண்டாக் கழிவாயிற்று. பொருளின் மதிப்பு பொருளில் மட்டும் இல்லை. காலத்தின் தேவையிலும் இருக்கின்றது.

இனி மின்கலத்துக்கு வருவோம். அதன் ஒரு முனையில் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டு, மறுமுனையிற் காரீயம். பென்சிலினுள் இருக்கும் இக்கரி காபனின் ஒரு வடிவமேயன்றி ஈயமன்று. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயத்தின் அடுக்குகளுள் நுழைகின்றன. பயன்படுத்தும்போது மீண்டு வருகின்றன. இவ்வகைக் கலத்துக்கு அடிகோலிய விற்றிங்காம், குடினவ், யொஷினோ என்னும் மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பொழுது குடினவுக்கு 97 வயது. நோபல் பரிசு பெற்றோருள் அத்துணை முதியவர் வேறிலர். காரீயத்தை நாம் அறிவோம். போகலை, கஹட்டகஹ என்னும் இடங்களிலே பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் உயர்தரக் காரீயத்துக்கு இலங்கை பெயர்பெற்றது. எனினும் மின்கலங்களிற் பயன்படும் காரீயத்திற் பெரும்பகுதி சீனத்திலிருந்தே வருகின்றது. இலிதியம் மேற்கு அவுஸ்திரேலியாவிற் பாறையை உடைத்து எடுக்கப்படுகின்றது. சிலி நாட்டு அற்றக்காமாப் பாலைவனத்திலோ, ஆனையிறவில் உப்பு விளைவித்தாற்போல, நிலத்தடியிலுள்ள உவர்நீரை அகன்ற பாத்திகளில் வெயிலில் வற்றவைத்து எடுக்கின்றனர். உலகிலேயே மழை மிகக் குறைந்த நிலங்களுள் அது ஒன்று. அங்கு வாழ்வோர் தம் நீர்வளம் என்னாகுமோ என அஞ்சுதல் இயல்பே.

கோபாற்று என்னும் பெயர் ஜேர்மானியச் சுரங்கத் தொழிலாளர் நம்பிய குறும்புப் பேயொன்றின் பெயரிலிருந்து வந்தது. வெள்ளித்தாது என எண்ணி அவர்கள் உருக்கிய கல், வெள்ளியைத் தராது ஆசனிக்கு நச்சுப்புகையை எழுப்பியமையால், பேய் ஏமாற்றிற்று என்றனர். உலகில் அகழப்படும் கோபாற்றிற் பாதிக்கு மேற்பட்டது இன்று கொங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகின்றது. பெரும்பகுதி பொறிகள் இயங்கும் பெருஞ்சுரங்கங்களில் எடுக்கப்படுவது. ஒரு பகுதியோ, கொல்வேசி நகரைச் சூழ்ந்த இடங்களில், ஏழை மக்கள் மண்வெட்டியும் உளியும் கொண்டு, முட்டுக் கொடாத குழிகளில் இறங்கி எடுப்பது. கொங்கோவின் தென்பகுதிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்தனர் என ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் 2014 ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. 2016 இல் சர்வதேச மன்னிப்புச் சபை வெளியிட்ட அறிக்கை, அச்சிறுவர் தாதைச் சுமப்பதையும் கழுவுவதையும் தெரிந்து பிரிப்பதையும் விரித்துரைத்தது. நம் கல்லூரிக் கீழ்வகுப்பு மாணவரின் வயதினர் அவர். பேயின் பெயரால் அழைக்கப்பட்ட உலோகம் இன்று பிள்ளைகளின் மூச்சிலே புழுதியாய்ப் படிகின்றது.

தந்தலத்தின் வரலாறு இதனினும் கொடிது. 1802 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு ஏக்கபேர்க்கு என்பவர் இதனைக் கண்டார். இதன் ஒட்சைட்டை அமிலத்தில் இட்டபோதும் அது அமிலத்தை ஏற்கவில்லை. கழுத்தளவு நீரில் நின்றும், குனியுந்தோறும் நீர் விலகுவதால் தாகந் தீராது வருந்திய தந்தலசு என்னும் கிரேக்கப் பழங்கதை மன்னனை நினைந்து, அதற்குத் தந்தலம் எனப் பெயரிட்டார். தொலைபேசிகளில் மின்னேற்றத்தைச் சேமித்துக் கொடுக்கும் மிகச் சிறிய கொள்ளளவிகள் இதனாற் செய்யப்படுவதுண்டு. இதன் தாதைக் கிழக்குக் கொங்கோவிற் கொல்தான் என்பர். உலகத் தந்தலத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு ருபாயா என்னும் ஒரு சிற்றூரைச் சூழ்ந்த குன்றுகளிலிருந்தே வருவதாகக் கணிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் எம் 23 என்னும் ஆயுதக் குழு அவ்வூரைக் கைப்பற்றியது; அங்கிருந்து செல்லும் தாதின்மீது வரி அறவிட்டதாக ஐக்கிய நாடுகள் வல்லுநர் அறிவித்தனர். உலகம் விரும்பும் செல்வத்தின்மீது நின்றும் வறுமை நீங்காத அம்மக்களே இன்றைத் தந்தலசுகள். அப்பகுதியிற் போரின் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவம் புரிந்த தெனிஸ் முக்வேகே 2018 ஆம் ஆண்டின் சமாதான நோபல் பரிசைப் பெற்றார். ஒஸ்லோ நகரில் ஆற்றிய உரையில், கைத்தொலைபேசி முதலியவற்றைப் பயன்படுத்துவோர் அவற்றை ஆக்குதற்கு மனிதர் கொடுத்த விலையைச் சிறிது எண்ணிப் பார்க்குமாறு அவர் வேண்டினார்.

இவ்வளவும் கூறியது கைத்தொலைபேசியை எறிந்துவிடுக என்று உபதேசித்தற்கன்று. போரினாற் சிதறி, ஒரே வீட்டார் நான்கு கண்டங்களில் வாழும் நிலையை அடைந்த நம்மவர்க்கு அதன் அருமையை எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. ரொறன்ரோவில் தவழும் பேரனின் முகத்தை யாழ்ப்பாணத்துத் திண்ணையிலிருந்து காணும் பாட்டிக்கு அது ஒரு வரமே. கொங்கோவின் பொருளை அறவே வாங்காது விடுவோம் என்பதும் தீர்வாகாது. 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, வெள்ளீயம், தந்தலம், தங்குதன், பொன் என்னும் நான்கும் கொங்கோவிலிருந்தோ அதன் அயல்நாடுகளிலிருந்தோ வந்தனவா எனக் கம்பனிகள் ஆராய்ந்து அறிவிக்க விதித்தது. நோக்கம் நன்றே. ஆனால் ஆராயும் சிரமத்துக்கு அஞ்சிய பலர் அப்பகுதியின் தாதையே தவிர்த்தனர். ஆயுதம் தாங்கியோரோடு ஒரு தொடர்புமில்லாத ஏழைத் தொழிலாளரும் பிழைப்பிழந்தனர். ஆகவே விலக்குதலும் தீது, அறியாதிருத்தலும் தீது. அறிந்து, அளவோடு, நெடுநாட் பயன்கொள்ளுதலே செய்யத்தக்கது.

இவ்விடத்தில் ஒருவர், பழைய தொலைபேசிகளை உருக்கி உலோகத்தை மீட்டுக்கொண்டால் தீராதா எனக் கேட்கலாம். ஓரளவு தீரும். பொற்கொல்லர் பட்டறையைப் பெருக்கிய தூசியையும் வீசாது காத்து, அதிலுள்ள பொன்னை மீட்பதை நாம் அறிவோம். பத்து இலட்சம் கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ 34 கிலோகிராம் பொன்னும், 350 கிலோகிராம் வெள்ளியும், 16 தொன் செம்பும் உள என 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வகம் மதிப்பிட்டது. ஒரு தொன் பொன்தாதிற் சில கிராம் பொன் இருப்பதே பெரிது. ஒரு தொன் தொலைபேசியிலோ ஏறத்தாழ 300 கிராம் உண்டு. யப்பானியர் இதனைச் செய்துங் காட்டினர். 2017 முதல் 2019 வரை 62 இலட்சம் கைத்தொலைபேசிகளையும், அவற்றோடு வேறு சிறு மின்கருவிகளையும் மக்களிடமிருந்து திரட்டி, 32 கிலோகிராம் பொன்னும் 3,500 கிலோகிராம் வெள்ளியும் மீட்டு, 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் விழாவின் பதக்கங்கள் யாவற்றையும் அவற்றாலேயே ஆக்கினர்.

ஆனால் இங்கேதான் இரசாயனவியல் நமக்கு ஓர் எச்சரிக்கை தருகின்றது. கலத்தல் எளிது, பிரித்தல் அரிது. ஒரு பிடி சீனியை ஒரு கிணற்றில் இடுவது ஒரு கணம். அதனை மீட்பதற்கு அக்கிணறு முழுவதையும் காய்ச்சவேண்டும். பொன்னும் செம்பும் மதிப்பாலும் அளவாலும் மீட்கும் செலவைத் தாங்குகின்றன. மில்லிகிராம் அளவிற் பரந்து கிடக்கும் இந்தியம், கல்லியம், தந்தலம், நியோடிமியம் என்பன அதனைத் தாங்குவதில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயன்பாடு முடிந்த பொருள்களிலிருந்து இவ்வகை உலோகங்கள் மீட்கப்பட்ட அளவு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அன்றியும், 2022 ஆம் ஆண்டில் உலகில் உண்டான 6 கோடி 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவில், முறைப்படி சேர்த்து மீட்கப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்களவே. ஆகவே மீட்டல் நன்று. ஆனால் அதனினும் நன்று, உள்ளதை நெடுநாள் வைத்துப் பயன்படுத்தல். இரண்டாண்டில் மாற்றும் தொலைபேசியை ஆறாண்டு வைத்திருப்பவர், பத்துக் கிலோகிராம் தாதை இரு முறை அகழாமற் செய்தவராகின்றார். எவ்வுலையும் மீட்டுத் தராத நியோடிமியத்தையும் அவர் பேணியவராகின்றார்.

ஒரு செப்புக்குடத்தை மூன்று தலைமுறைக்கு ஆண்ட மக்கள் நாம். குடம் ஒடுங்கினால் தட்டி நிமிர்த்தினோம். ஓட்டை விழுந்தாற் பற்றுவைத்தோம். இனி ஆகாது என்ற நிலையிலும் நிறுத்து விற்றோமேயன்றி வீதியில் எறிந்திலோம். அம்மனப்பான்மை பழமையன்று, உலகம் இன்று மீண்டும் கற்கும் பாடம் அதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூன் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாதிரித் தொலைபேசியின் விற்பனை நின்றபின்னும் அதன் முக்கிய உதிரிப்பாகங்கள் ஏழாண்டு வரை கிடைக்கவேண்டும் எனப் பணிக்கின்றன. உற்பத்தியாளர் நீடித்து உழைக்கும் பொருளைச் செய்யமாட்டார் என்று முணுமுணுப்பதில் ஒரு பயனுமில்லை. கேட்பார் கேட்டாற் சட்டமும் இயற்றலாம் என்பதற்கு இவ்விதிகள் சான்று. நம் நாட்டிலும் அத்தகைய விதிகளைக் கேட்போர் உருவாகவேண்டும். அவர்கள் வகுப்பறையிலன்றி வேறெங்கே உருவாவர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர்க்கு இதில் இன்னுமோர் அக்கறை உண்டு. நம் குடிநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலும் துளைகளிலும் தேங்கிய மழைநீர். மேலே நிலத்திற் கொட்டியது கீழே கிணற்றுக்கு வந்துசேர நெடுங்காலம் செல்லாது. பழுதான தொலைபேசிகளையும் மின்கலங்களையும் குப்பையோடு குப்பையாய்ப் புதைப்பதும், செப்புக் கம்பியை எடுக்கும் பொருட்டு வளவிலே எரிப்பதும், அயலவர் கிணற்றில் நஞ்சிடுவதை ஒக்கும். துளைபட்ட இலிதியம் மின்கலம் தானே தீப்பற்றும் என்பதையும் சிறுவர்க்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.

ஆதலின் விழாக் காணும் கல்லூரிச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஆய்வுகூடத்தில் ஆவர்த்தன அட்டவணையின் அருகே ஓர் உலகப்படம் தொங்கட்டும். ஒவ்வொரு மாணவனும் ஒரு மூலகத்தைத் தன் பொறுப்பாக ஏற்று, அது வரும் ஊரையும் அகழ்வோர் நிலையையும் ஆராய்ந்து, அப்படத்திற் குறித்து, வகுப்பின் முன் உரைக்கட்டும். இரசாயனவியலும் புவியியலும் வரலாறும் அங்கே ஒன்றுகூடும். இரண்டாவது, பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாள் பழுதான தொலைபேசிகளைத் திரட்டி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கட்டும். மேசை இழுப்பறைகளில் உறங்கும் பொன் அன்றேனும் வெளிவரும். மூன்றாவது, வெளிநாடுகளிலிருந்து வரும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஊருக்கு வருந்தோறும் புதுத் தொலைபேசி கொண்டுவருதல் அன்பின் அடையாளமாகிவிட்டது. அவ்வன்பு, இருக்கும் தொலைபேசிக்குப் புதிய மின்கலம் மாற்றிக் கொடுப்பதிலும், திருத்தும் தொழிலைக் கற்கும் இளைஞனுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதிலும் குறைந்துவிடாது.

பெயரையும் ஊரையும் ஒருங்கே கற்றல் நம்மால் இயலாததன்று. ஆனந்த குமாரசுவாமி இதற்கு வழிகாட்டி. கலைமேதையென உலகம் போற்றும் அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராயிருந்தவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருள் 1904 இல் உலகுக்குத் தெரியவந்தது அவர் ஆய்வினாலேயே. கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்ற அவர், ஊர்களிலே கைவினைஞரைக் கண்டார். அவர்தம் தொழில் நலிவதைக் கண்டு வருந்தி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908 இல் வெளியிட்டார். கல்லில் தொடங்கிய அறிவு கைகளைப் பற்றிய அக்கறையாய் முதிர்ந்தது. விஞ்ஞானக் கல்வி செல்லவேண்டிய வழி அதுவே என்பேன்.

நாளை ஒரு மாணவன் கோபாற்று என்னும் சொல்லைக் கேட்டதும் 27 என்னும் எண்ணோடு கொல்வேசியையும், தன்னொத்த வயதுடைய ஒரு சிறுவனையும் நினைப்பானாயின், நம் கல்லூரி தன் பணியைச் செவ்வனே செய்தது எனலாம். அத்தகைய மாணவரை ஈன்று, கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.